உறுதியும் ஆட்சியும்: ஒரு வன்தட்டில் இரு பணிசெயல் முறைமைகள் பற்றிய ஒரு நோக்கு

கணினியைப் பயன்படுத்துவோருள் மிகப் பலர், தாம் விலை கொடுத்து வாங்கிய பொறியையும் அதனுடன் வந்துசேர்ந்த பணிசெயல் முறைமையையும் வேறுபடுத்தி நோக்குவதில்லை. பொறியை இயக்கியதும் விண்டோஸ் தோன்றுகிறது. எனவே விண்டோஸே கணினி என்னும் எண்ணம் எளிதில் வேரூன்றிவிடுகிறது. மனிதரிடையேயான சமூக உறவுகள் பொருள்களுக்கு இயற்கையாக அமைந்த குணங்கள் போலத் தோற்றங்காட்டுவதை மார்க்ஸ் மூலதனத்தின் முதலாம் பாகத்தில் விளக்கியுள்ளார். கணினி உற்பத்தியாளருக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கும் இடையிலான வணிக ஒப்பந்தமொன்று பொறியின் இயல்பாகவே நமக்குத் தோன்றுவது அத்தகைய மயக்கத்துக்குச் சிறியதோர் உதாரணமாகும்.

வன்தட்டொன்றைப் பிரித்து, ஒரே பொறியில் இரு முறைமைகளை நிறுவும் செயல் இம்மயக்கத்தைக் கலைக்க வல்லது. அச்செயலின் அடிப்படைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எதை அழுத்துவது என்பதோடு நின்றுவிடாது, அவ்வாறு அழுத்தும்போது தட்டில் உண்மையில் நிகழ்வது யாது, அந்நிகழ்வை முடிவுசெய்யும் அதிகாரம் யாரிடம் உள்ளது ஆகிய வினாக்களையும் நாம் எழுப்ப விரும்புகின்றோம்.

இவ்வினாக்கள் நமது சூழலில் வெறும் ஆர்வத்தின் பாற்பட்டவையல்ல. விண்டோஸ் 10 முறைமைக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லு முதலியன இல்லாத பொறிகள், உடலளவில் நன்றாக இயங்கினாலும், வழக்கொழிந்தவையாகக் கருதப்படும் நிலைக்கு வந்துள்ளன. அதே வேளை, நம்மவரின் ஆய்வேடுகளும் சஞ்சிகைகளும் கணிசமான அளவில் பாமினி எழுத்துருவிற் தட்டச்சிடப்பட்டு, பேஜ்மேக்கர் போன்ற விண்டோஸ் செய்நிரல்களில் பக்கமாக்கப்பட்டவை. பழையதை முற்றாகத் துறக்கவும் இயலாது. அதனுள்ளேயே அடைபட்டுக் கிடக்கவும் இயலாது. இவ்விடைநிலையிலேயே ஒரு தட்டில் இரு முறைமைகள் என்னும் ஏற்பாடு பொருள் பெறுகிறது.

1. பதிவேடும் நிலமும்

வன்தட்டு என்பது, அதன் பௌதிக அமைப்பு எவ்வாறாயினும், பணிசெயல் முறைமையின் பார்வையில் தொடர் இலக்கமிடப்பட்ட துண்டங்களின் நீண்ட வரிசையே ஆகும். ஒரு துண்டம் மரபாக 512 பைற்றுக்களைக் கொண்டது. அண்மைக்காலத் தட்டுக்களில் 4096 பைற்றுத் துண்டங்களும் உள்ளன. இவ்வரிசையில் இயற்கையான எல்லைகள் எவையும் இல்லை. இன்ன இலக்கத்திலிருந்து இன்ன இலக்கம் வரையுள்ளது ஒரு பிரிவு என எழுதிவைக்கும் அட்டவணையே எல்லையை உண்டாக்குகிறது.

ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு நம்மிற் பலருக்குப் பரிச்சயமானது. தோம்பில் ஒரு காணி இரண்டாகப் பதியப்பட்டால் மண் பிளந்துவிடுவதில்லை. பதிவு மாறுகிறது, பதிவை ஏற்று நடப்போரின் நடத்தை மாறுகிறது. பிரிவு அட்டவணையும் இத்தகையதொரு தோம்பேயாகும்.

இதிலிருந்து நடைமுறை முக்கியத்துவம் வாய்ந்த உண்மையொன்று பெறப்படும். ஒரு பிரிவை ‘அழிக்கும்’போது அழிவது பெரும்பாலும் அட்டவணையிலுள்ள பதிவு மட்டுமே. அப்பிரிவினுள் இருந்த கோப்புக்கள், அவற்றின்மீது வேறொன்று எழுதப்படும் வரை, இருந்தவிடத்திலேயே இருக்கின்றன. தவறுதலாகப் பிரிவொன்றை அழித்தவர் உடனடியாகச் செய்யவேண்டியது, அத்தட்டில் மேலும் எதையும் எழுதாது நிறுத்துவதாகும். டெஸ்ட்டிஸ்க் போன்ற செய்நிரல்கள் துண்டங்களை ஆராய்ந்து, பழைய எல்லைகளைக் கண்டறிந்து, பதிவை மீள எழுத வல்லன. ஆயினும், நகரும் பாகங்களற்ற திண்மநிலைத் தட்டுக்களில் இந்நம்பிக்கைக்கு எல்லையுண்டு. வெறுமையாக்கப்பட்ட துண்டங்களை அத்தட்டுக்கள் தாமாகவே துடைத்துவிடக்கூடும்.

இவ்வட்டவணையின் வரலாறு 1983 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. அவ்வாண்டு மார்ச்சில் ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைற் வன்தட்டுடன் கூடிய எக்ஸ்.ரி. கணினியை வெளியிட்டது; அதனுடன் வந்த டொஸ் முறைமையின் 2.0 பதிப்பு, பிரிவு அட்டவணையை அறிமுகஞ் செய்தது. தட்டின் முதலாவது துண்டத்தின் 512 பைற்றுக்களுள் முதல் 446 தொடக்கச் செய்நிரலுக்கும், அடுத்த 64 அட்டவணைக்கும், இறுதி 2 அடையாள முத்திரைக்கும் ஒதுக்கப்பட்டன. அட்டவணையில் ஒவ்வொன்றும் 16 பைற்று நீளமான நான்கு பதிவுகளுக்கே இடமிருந்தது. ஒவ்வொரு பதிவிலும் அப்பிரிவு எவ்வகை முறைமைக்கு உரியது என்பதைக் குறிக்கும் இலக்கமொன்றும் இடம்பெற்றது. ஒரு தட்டைப் பல முறைமைகள் பகிர்ந்துகொள்ளும் என்பது தொடக்கத்திலேயே எதிர்பார்க்கப்பட்டது என்பதற்கு இதுவே சான்றாகும். பகிர்வு பின்னர் வந்த விபரீத ஆசையன்று. ஒற்றை ஆதிக்கமே பின்னர் வந்தது.

2. முதலாவது கட்டளை எங்கிருந்து வருகிறது?

மேற்கூறிய பழைய அட்டவணையில், துண்ட இலக்கத்தை எழுத 32 பிற்றுக்களே இருந்தமையால், 512 பைற்றுத் துண்டங்களைக் கொண்ட தட்டில் ஏறத்தாழ 2.2 டெராபைற்றுக்கு அப்பாலுள்ள பகுதியைச் சுட்ட முடியவில்லை. தட்டுக்கள் பெருத்தபோது பதிவேட்டின் வடிவம் உள்ளடக்கத்துக்குத் தளையாயிற்று. இன்டெல் நிறுவனம் தொடக்கிவைத்து, 2005 ஆம் ஆண்டிலிருந்து பல நிறுவனங்களின் கூட்டமைப்பொன்று பேணிவரும் யூ.ஈ.எப்.ஐ. என்னும் நிலைபொருள் ஒழுங்கும், அதனோடிணைந்த ஜி.பி.ரி. என்னும் புதிய பிரிவு அட்டவணையும் இம்முரண்பாட்டின் விளைவுகளே. புதிய அட்டவணையில் வழமையாக 128 பதிவுகளுக்கு இடமுண்டு. அதன் இரண்டாவது பிரதி தட்டின் இறுதியிலும் வைக்கப்படுகிறது. முன்னைய பிரதி சிதைந்தால் பின்னையது கைகொடுக்கும்.

பொறிக்கு மின் வழங்கப்பட்டதும் முதலில் இயங்குவது விண்டோஸும் அன்று, லினக்ஸும் அன்று. தாய்ப்பலகையிற் பொறிக்கப்பட்டுள்ள நிலைபொருளே. பழைய ஒழுங்கில் அது தட்டின் முதலாவது துண்டத்தைப் படித்து, அங்குள்ள செய்நிரலிடம் பொறியை ஒப்படைத்தது. அவ்விடம் ஒன்றே ஒன்றாதலால், பின்னர் நிறுவப்பட்ட முறைமை முன்னையதன் செய்நிரலை மேவி எழுதிவிடுவது வழக்கம். விண்டோஸை முதலிலும் லினக்ஸை அடுத்தும் நிறுவுக என்ற பழைய அறிவுரையின் காரணம் இதுவே. லினக்ஸுடன் வரும் கிறப் என்னும் ஏற்றி, விண்டோஸையும் தன் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. விண்டோஸின் ஏற்றி மற்றையதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

புதிய ஒழுங்கில் ஏற்றிகளுக்கென்றே சிறியதொரு பிரிவு ஒதுக்கப்படுகிறது. விண்டோஸ் நிறுவப்பட்ட பொறிகளில் இது பெரும்பாலும் 100 மெகாபைற் அளவினது. ஒவ்வொரு முறைமையும் அங்கு தனக்கெனக் கோப்புறையொன்றை அமைத்துக்கொள்கிறது. எதை முதலில் அழைப்பது என்ற வரிசை நிலைபொருளின் நினைவகத்தில் இருக்கிறது. ஆக, ஒன்றை நிறுவுவதால் மற்றையதன் ஏற்றி அழியவேண்டிய தேவை இப்போது இல்லை. போட்டி இடத்துக்கானதன்று, வரிசையில் முதலாமிடத்துக்கானது.

3. ஹெல்சிங்கி, 1991

இரு முறைமைகள் ஒரு தட்டைப் பகிர்ந்த நிலையிலேயே லினக்ஸ் பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லீனஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 386 வகைக் கணினியொன்றை வாங்கி, அதில் மினிக்ஸ் முறைமையை நிறுவினார். மினிக்ஸ், அம்ஸ்ரடாமில் கற்பித்த அன்ட்ரூ டனன்பாம் மாணவர்க்காக 1987 ஆம் ஆண்டில் வெளியிட்ட முறைமையாகும். டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய புதிய கரு, மினிக்ஸின் துணையோடே தொகுக்கப்பட்டது; மினிக்ஸின் கோப்பு முறைமையையே கையாண்டது.

தம் தொலைபேசி இணைப்புக் கருவிக்கு அனுப்பவேண்டிய கட்டளையை டோர்வால்ட்ஸ் ஒருமுறை தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பிவிட்டதையும், அதனால் மினிக்ஸ் பிரிவு சிதைந்ததையும் அவரே பின்னர் கூறியுள்ளார். யுனிக்ஸ் மரபில் கருவிகள் யாவும் கோப்புக்களாகவே பெயரிடப்படுதலின், இணைப்புக் கருவிக்கும் தட்டுக்கும் இடையே ஒரு பெயரின் வேறுபாடு மட்டுமே இருந்தது. மினிக்ஸை மீள நிறுவுவதற்குப் பதிலாக, தமது முறைமை தனித்து நிற்கும் தகைமையைப் பெற்றுவிட்டதென அவர் முடிவுசெய்தார்.

தனிமனித மேதைமையின் கதையாக இதனைக் கூறுவது எளிது. ஆயின் அது முழு உண்மையன்று. 1983 ஆம் ஆண்டில் றிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த குனூ திட்டத்தின் தொகுப்பிகளும் கருவிகளும் இல்லாதிருப்பின், அக்கரு பயன்பாட்டுக்குரிய முறைமையாக வளர்ந்திராது. 1992 ஆம் ஆண்டில் குனூ பொது உரிமத்தின் கீழ் அது வெளியிடப்பட்டமை, பலரது உழைப்பு ஒருவரது தனியுடைமையாக மாறாதிருக்கச் சட்டவடிவிலான காப்பாக அமைந்தது. பழைய முறைமையின் வயிற்றிலேயே புதியது வளர்ந்தது என்பதும், அதற்கான புறநிலைகள் முன்னரே திரண்டிருந்தன என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கன.

4. செய்முறை

இனி, விண்டோஸ் உள்ள பொறியொன்றில் லினக்ஸை நிறுவும் ஒழுங்கை நோக்குவோம்.

முதலாவது, பிரதியெடுத்தல். ஆய்வேடு, குறிப்புக்கள், ஒளிப்படங்கள் முதலியவற்றின் பிரதி வேறொரு தட்டில் இருத்தல் வேண்டும். எல்லை நகர்த்தப்படும் வேளையில் மின் தடைப்பட்டால் எந்த அறிவும் உதவாது. மடிக்கணினியாயினும் மின்னிணைப்பிலேயே வைத்திருத்தல் நன்று.

இரண்டாவது, மறைகுறியாக்கம். அண்மைக்காலப் பொறிகளில் விண்டோஸ் பிரிவு பிட்லொக்கர் என்னும் ஏற்பாட்டாற் பூட்டப்பட்டிருக்கக்கூடும். பயனர் அதனை அறியாதிருப்பதும் உண்டு. தொடக்க ஒழுங்கு மாறியதும் அது 48 இலக்கங்கொண்ட மீட்புத் திறவியைக் கேட்கும். அத்திறவியை முன்கூட்டியே தாளில் எழுதிவைக்காதவர் தமது சொந்த எழுத்துக்களுக்கே அந்நியராகிவிடுவர்.

மூன்றாவது, ‘விரைவுத் தொடக்கம்’ என்ற வசதியை நிறுத்துதல். விண்டோஸ் 8 இலிருந்து வரும் இவ்வசதியினால், அணைக்கப்பட்டதாகத் தோன்றும் முறைமை உண்மையில் முழுமையாக அணைவதில்லை. தன் நிலையைத் தட்டில் எழுதிவிட்டு உறங்குகிறது. அவ்வேளை லினக்ஸிலிருந்து விண்டோஸ் பிரிவில் எழுதினால் கோப்பு முறைமை குழம்பும்.

நான்காவது, இடம் ஒதுக்குதல். விண்டோஸின் பிரிவை விண்டோஸின் தட்டு மேலாண்மைச் செய்நிரலாலேயே சுருக்குவது பாதுகாப்பானது. நகர்த்தவியலாத கோப்புக்கள் நடுவே இருப்பின் விரும்பிய அளவு சுருங்காமலும் போகலாம். 500 கிகாபைற் தட்டொன்றில் விண்டோஸுக்கு 250, லினக்ஸுக்கு 100, இரண்டுக்கும் பொதுவான ஆவணங்களுக்கு எஞ்சியது எனப் பங்கிடுவது நியாயமானதாகும். லினக்ஸுக்கு 25 கிகாபைற்றிலும் குறைய ஒதுக்குவது பின்னர் இடர் தரும். லினக்ஸுக்கெனச் சுருக்கிப் பெற்ற இடத்தை விண்டோஸில் வடிவமைக்காது வெறுமையாகவே விடுதல் வேண்டும்.

ஐந்தாவது, நிறுவுதல். லினக்ஸின் நிறுவற் கோப்பை யூ.எஸ்.பி. செருகியொன்றில் எழுதி, அதிலிருந்து பொறியைத் தொடக்கி, முதலில் நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். விசைப்பலகை, கம்பியில்லா இணைப்பு, ஒலி ஆகியன இயங்குவதை உறுதிசெய்த பின்னரே நிறுவலைத் தொடங்குதல் தகும். நிறுவும் செய்நிரல், முழுத்தட்டையும் அழித்து நிறுவுவதா, இருப்பதன் அருகே நிறுவுவதா என வினவும். இவ்வொரு விடையிலேயே அனைத்தும் தங்கியுள்ளன. தாமே பிரிவுகளை அமைப்பவர், வெறுமையான இடத்தில் எக்ஸ்ற்4 கோப்பு முறைமையுடைய பிரிவை அமைத்து, ஏற்றிகளுக்கான சிறு பிரிவை வடிவமைக்காது அப்படியே பயன்படுத்துமாறு பணித்தல் வேண்டும். அச்சிறு பிரிவை வடிவமைத்தால் விண்டோஸின் ஏற்றியும் அதனோடு அழிந்துபோகும்.

5. இருமையின் முரண்பாடுகள்

நிறுவலோடு பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. ஒரு தட்டைப் பகிர்ந்தாலும் இரு முறைமைகளும் ஒன்றையொன்று சமமாக நோக்குவதில்லை. லினக்ஸ், விண்டோஸின் என்.ரி.எப்.எஸ். கோப்பு முறைமையைப் படிக்கவும் எழுதவும் வல்லது. விண்டோஸ் தானாக எக்ஸ்ற்4 பிரிவைப் படிப்பதில்லை. அதற்கொரு எழுத்துக் குறியீடு வழங்கப்பட்டால், ‘பயன்படுத்துமுன் வடிவமைக்க வேண்டும்’ என அறிவிக்கவுஞ் செய்கிறது. வடிவமைத்தல் என்பது அங்குள்ள அனைத்தையும் இழத்தல் என்பதை அறியாதவர் ‘ஆம்’ என்று விடையளித்தாற் கதை முடிந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலத்தை, மறுதலை நிறுவப்படும் வரை, முடியின் காணியென அனுமானித்தது. தனக்கு வாசிக்கத் தெரியாததை வெறுமை எனக் கொள்ளும் அதே தருக்கம் இங்கும் செயற்படுகிறது. இவ்வொப்புமையை மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. ஒன்றில் மனிதரின் வாழ்வும், மற்றையதில் கோப்புக்களும் அழிந்தன. ஆயினும் பதிவை வாசிப்பவரின் நிலைப்பாடு பதிவின் பொருளைத் தீர்மானிக்கிறது என்பது இரண்டிலும் உண்மை.

நேரக் கணக்கும் இத்தகையதே. பொறியின் கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் கொள்கிறது. உலகப் பொது நேரத்தைக் காட்டுவதாக லினக்ஸ் கொள்கிறது. இலங்கையில் இவ்வேறுபாடு ஐந்தரை மணித்தியாலம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பியவர், கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்தியிருக்கக் கண்டு பொறி பழுதானதென எண்ணக்கூடும். பழுது எதுவுமில்லை. உள்ளூர் நேரத்தையே கைக்கொள்ளுமாறு லினக்ஸைப் பணித்தால் முரண் நீங்கும்.

6. உடைமையும் கட்டுப்பாடும்

நமது காணி வழக்குகளில் உறுதி ஒருவர் பெயரிலும் ஆட்சி இன்னொருவர் கையிலும் இருப்பதைக் காண்கிறோம். கணினியிலும் இவ்வேறுபாடு உண்டு. பொறிக்கான பற்றுச்சீட்டு நம்மிடம் உள்ளது. மின் வழங்கிய கணத்தில் எது இயங்கலாம் என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் நம்மிடம் உள்ளதா?

பீ என்னும் அமெரிக்க நிறுவனம் 1990களில் பீ.ஓ.எஸ். என்ற முறைமையை உருவாக்கியது. ஹிட்டாச்சி நிறுவனம் அதனை விண்டோஸுடன் சேர்த்துத் தன் கணினிகளில் நிறுவி விற்க முன்வந்தது. பொறிகள் சந்தைக்கு வந்தபோது பீ.ஓ.எஸ். தட்டில் இருந்தது, ஆயின் தொடக்கத்தில் அதனைத் தெரிவுசெய்யும் பட்டியல் இருக்கவில்லை. உற்பத்தியாளருடனான மைக்ரோசொப்டின் உரிம நிபந்தனைகளே இதற்குக் காரணம் எனப் பீ நிறுவனம் குற்றஞ்சாட்டி, 2002 ஆம் ஆண்டில் வழக்குத் தொடர்ந்தது. 2003 செப்ரெம்பரில், தவறெதனையும் ஏற்றுக்கொள்ளாது, மைக்ரோசொப்ட் 2 கோடியே 32 இலட்சத்து 50 ஆயிரம் டொலரைச் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதற்குள் பீ நிறுவனம் தன் தொழிலையே இழந்துவிட்டிருந்தது. தட்டில் இடம் இருந்தும் வாயிலில் இடமில்லையெனில் ஒரு முறைமை வாழவியலாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

2012 ஆம் ஆண்டில் விண்டோஸ் 8 உடன் ‘பாதுகாப்பான தொடக்கம்’ பரவலாயிற்று. நிலைபொருள், தனக்குத் தெரிந்த திறவியால் ஒப்பமிடப்பட்ட ஏற்றியை மட்டுமே இயங்கவிடும். தொடக்கத்திலேயே புகுந்துகொள்ளும் தீநிரல்களைத் தடுப்பதற்கு இது பயனுடையது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும் பெரும்பாலான பொறிகளில் முன்கூட்டியே பொறிக்கப்பட்டுள்ள திறவி மைக்ரோசொப்டினுடையது. எனவே லினக்ஸ் வெளியீட்டாளரும் தமது சிறு ஏற்றியொன்றுக்கு அந்நிறுவனத்தின் ஒப்பத்தைப் பெறவேண்டியவராயினர். 2024 ஓகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் இற்றைப்படுத்தலொன்று, பாதுகாப்புக் குறைபாடுடைய பழைய ஏற்றிகளைத் தடைசெய்ய முற்பட்டது. இரு முறைமைகள் உள்ள பொறிகளை அது பாதிக்காதென அறிவிக்கப்பட்டிருந்தும், அத்தகைய பொறிகள் பலவற்றில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. தீய நோக்கம் இதற்குக் காரணம் என நாம் கூறவரவில்லை. அதிகாரம் ஒருபக்கத்தே குவிந்திருக்கும்போது, கவனக்குறைவின் சுமையை மற்றைப் பக்கமே தாங்குகிறது என்பதே கருத்து.

மறுபுறத்தில், லினக்ஸை நிறுவுவதே விடுதலை என எண்ணுவதும் கற்பனாவாதமாகும். ஐ.பி.எம். நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் றெட் ஹற் நிறுவனத்தை 3400 கோடி டொலருக்கு வாங்கியது. லினக்ஸ் கருவின் வளர்ச்சியிற் பெரும்பங்கு இன்று நிறுவனங்களின் ஊதியத்திலேயே நடைபெறுகிறது. பொது உழைப்பின் விளைவை மூலதனம் தன்வயப்படுத்துவது இங்கும் தொடர்கிறது. எனினும் உரிமம் காரணமாக, அவ்விளைவைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் நமக்குள்ள வாய்ப்பு அற்றுப்போகவில்லை. இவ்வேறுபாடு சிறிதன்று.

மேசைக்கணினி, மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் பாதுகாப்பான தொடக்கத்தை நிறுத்தவும், நமது சொந்தத் திறவியைச் சேர்க்கவும், வரிசையை மாற்றவும் இன்னும் இயலும். கைத்தொலைபேசிகள் பலவற்றில் அது இயலாது. ஓர் உரிமை பயன்படுத்தப்படாதவிடத்து அது இருந்தது என்பதே மறக்கப்படும்; மறக்கப்பட்டதை நீக்குவது எளிது. தட்டைப் பிரிக்கக் கற்றுக்கொள்ளும் மாணவன் ஒருவன் பெறுவது இரண்டாவது முறைமையை மட்டுமன்று. தனது பொறியின் தோம்பு எங்கே இருக்கிறது, அதை எழுதுவோர் யார், அதன் வாயிலில் எவருடைய திறவி தொங்குகிறது என்பவற்றையும் அவன் அறிகிறான். நமது பல்கலைக்கழகக் கணினிக்கூடங்கள் இவ்வறிவை விருப்பப்பாடமாகவேனும் கற்பிக்க முன்வருதல் வேண்டும். வழக்கொழிந்தவையென ஒதுக்கப்பட்ட பொறிகள் அக்கூடங்களின் மூலைகளிலேயே கிடக்கின்றன. பயிற்சிக்கு அவையே போதுமானவை.